மூன்று பத்து

கதவைத் திறந்தால் மூடிவிடுங்கள்,
சங்கிலியை இரண்டு சுற்று.
வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது இவ்வளவுதான்.
மீதியை அவர்களே சொல்வார்கள்.

இன்று வந்தவர் எமெட் காஸ்கி,
ஒஹாயோவில் முப்பது வருடம் தபால் பிரித்தவர்.
தரையில் இருக்கிற முச்சந்திகளில்
இது அவருக்கு முப்பத்தொன்றாவது.
மற்றவை ஆற்றின் நடுவே, ஏரியின் அடியில்.
படகுக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லை என்றார்.

கம்பி வேலி மூன்று திசையில் பிரிகிற இடத்தில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்.
அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.
சர்ச்சில்கூட யாரும் அப்படிக் கழற்றி
நாளாயிற்று.

பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தார்:
வலது கால் நெப்ராஸ்காவில், இடது கால் கான்சஸில்,
கை இரண்டும் கொலராடோவில்,
பிறந்த அன்றே எழுந்து நிற்கப் பார்க்கும் கன்றுக்குட்டி போல.
நான் படம் எடுத்தேன்.
அதற்குள் அவர் கைபேசி இரண்டு தடவை மணியை மாற்றிக்கொண்டது.
கான்சஸ் எப்போதும் ஒரு மணி நேரம் முந்தி.

இங்கே குடியிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டார்.
காற்று, என்றேன்.

காப்பி டப்பாவுக்குள் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
பெயர், ஊர், நேரம்.
போன ஜூனில் ஒருத்தி எழுதிவிட்டுப் போனாள்,
விலங்குகளுக்கு எல்லை தெரியாது என்று.
மாடு வளர்த்துப் பழக்கமில்லாதவள்.
என் மாடு அந்தக் கம்பியைத் தாண்டினால்
சூட்டுக்குறி பார்க்க ஆள் வருவான்,
தலைக்கு இவ்வளவென்று ரசீது கிழிப்பான்.

எமெட்டிடம் சொல்லாதது:
ஆர்லின் இங்கேதான் விழுந்தான்.
வேலி முறுக்கப் போனவன், குறடு கையிலேயே.
போன் செய்தேன். எந்தக் கோபுரம் பிடித்ததோ,
எந்த மாநிலம் என்றாள் ஒரு பெண்.
சொன்னேன்.
அது எங்கள் பகுதி இல்லை, இருங்கள், மாற்றுகிறேன்.
மாற்றினாள். அவனும் அதையே கேட்டான்.
கால் நெப்ராஸ்காவில், தலை கான்சஸில்,
எதைச் சொல்ல? கல்லைச் சொன்னேன்.
கல்லுக்கு முகவரி இல்லையே, அம்மா.

இரண்டு பக்கமிருந்தும் வண்டி வந்தது,
சேர்ந்தாற்போல.
ஒருவன் கடிகாரத்தில் மூன்று பத்து,
இன்னொருவனுடையதில் நாலு பத்து.
தணிந்த குரலில், மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள்,
இவன் யாருடைய ஆள் என்று.
கடைசியில் ஒருவன் குனிந்து
இதயம் எந்தப் பக்கம் கிடக்கிறதென்று பார்த்தான்.

தாளில் மூன்று பத்து என்று இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, எந்த அரசுக்கும் தெரியாது.
அதற்கு ஒன்பது வருடம் முன்னால்
வைக்கோல் வண்டியைப் பின்னால் எடுத்த ஆர்லின்
கல்லை முட்டிச் சாய்த்துவிட்டான்.
இருட்டுவதற்குள் இருவருமாய் நிமிர்த்தினோம்,
கடப்பாரை போட்டு, மண்ணை மிதித்து,
சிரிப்பில் இரண்டு முறை கை நழுவி.
பழைய குழியில்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
ஒரு சாண் தள்ளி இருக்கலாம்.
ஒரு சாண் என்பது
தோளிலிருந்து நெஞ்சு.

எமெட் நோட்டை எடுத்தார். பெயர். ஊர்.
நேரம் வந்ததும் பேனா நின்றது.
கைபேசியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை.
உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் என்ன இருக்கும்?
போய்ப் பார்த்தால்தான் தெரியும், என்றேன்.

அவர் வண்டித் தூசி கான்சஸ் பக்கம் சாய்ந்து அடங்கியது.
சங்கிலி ஒரு சுற்றுதான் சுற்றியிருந்தது.
இன்னொரு சுற்று சுற்றினேன்.